மழை முடியும்வரை மைக் செட்டை எங்கே வைப்பது

தம்பி,

நீ போட்ட கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. நைனாவுக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் எழுத்து கலங்கித் தெரிகிறது என்பதால் நான்தான் படித்துக் காட்டினேன். பதிலும் நான்தான் எழுதுகிறேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி சொல்வார், நான் எழுதுவேன் என்று ஏற்பாடு. ஆனால் உன் அம்மாவை உனக்குத் தெரியும். பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு என்றால் நடக்கிற காரியமா? அவர் சொன்னதையும் எழுதுகிறேன், அவர் சொல்லாமல் விட்டதையும் எழுதுகிறேன். எது யாருடையது என்று உனக்கே தெரிந்துவிடும். மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

வேளாங்கண்ணித் திருநாள் யாத்திரை முடிந்து நம் வேன் எண்ணூரில் உன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இனி தை பிறக்கும்வரை அதற்கு வேலை இல்லை. அதிலிருக்கிற மைக் செட்டை மழைக்காலம் முழுக்க எங்கே, எப்படி வைப்பது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். இத்தனை வருஷம் அதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டார், இந்த வருஷம்தான் சாவியை உன் கையில் கொடுத்தார். அந்தக் கேள்வியைப் படித்ததும் படுத்திருந்த மனிதர் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படிப் பிரகாசமாக இல்லை. ஆனால் உன் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதினாற்போல, இன்னொன்றும் இருந்தது. வீட்டில் ஒழுகாத இடம் உள்ளறை ஒன்றுதான், அங்கே பிலோமினாவின் கட்டில் கிடக்கிறது, பிரசவத்துக்கு அவளை இப்போதே காட்டுப்பள்ளிக்கு அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கட்டிலை எடுத்துவிட்டு வேனோடு வந்த நைனாவின் பல்பு அலமாரியை அங்கே நிறுத்திச் செட்டை வைக்கலாம் என்று எழுதியிருந்தாய். அந்த வரிகளை நான் அவருக்குப் படிக்கவில்லை. கடிதத்தை மடித்து, "அவ்ளோதான், வணக்கம்னு போட்டுக்கீறான்" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அவருடைய பாடத்தை எழுதி முடிக்கிறேன். இல்லாவிட்டால் இந்த மனிதர் என்னைச் சோறு வடிக்க விடமாட்டார்.

"மொதல்ல பேட்டரிய கயட்டச் சொல்லு. வண்டிலயே வுட்டா செத்துப்பூடும். ஒரு மரக்கட்ட மேல வெச்சி, தண்ணி கொறஞ்சா ஊத்தி, மாசத்துக்கு ஒருக்கா சார்ஜ் ஏத்தணும். முனைல வாசலின் தடவணும். எழுதினியாமே?" எழுதினேன். "ஆம்ப்ளிஃபயர தார்பாய்ல சுத்தி மூட்ட கட்டிடப் போறான், அத்த மட்டும் செய்யாதன்னு எழுது. உள்ள பூந்த ஈரம் வெளிய வராது. நூல் துணி போத்துனா போதும், காத்து போவணும். வாரத்துக்கு ஒருக்கா கரண்டு குடுத்து வால்வு சூடேற வுடணும். அந்தச் சூடே ஈரத்தத் தொரத்திடும்." எழுதினேன். "ரிக்கார்ட் பிளேயர் கைல ஒரு கல்லு கீது பாரு, அது உப்பு மாறி. ஈரத்துலயும் கரையும், சூட்லயும் செத்துப்பூடும். அத்தக் கயட்டி பஞ்சுல சுத்தி டப்பால போட்டு, பல்புக்குத் தூரமா வெக்கச் சொல்லு. ரிக்கார்டுங்கள படுக்கப் போடக்கூடாது, நிக்க வெக்கணும். குயாய் ஸ்பீக்கர் ரெண்டும் வண்டிலயே இர்க்கட்டும், வாய மட்டும் துணியால கட்டச் சொல்லு, எலி குடித்தனம் பண்ணும்." இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னார். நான் பிரசவ வலியில் துடித்தபோது மருத்துவமனைக்கு வழி சொல்லக்கூட இந்த மனிதருக்கு நாக்கு புரளவில்லை.

இதில் என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன். உன் சின்ன டிரான்சிஸ்டரில் போட்டிருக்கிற செல்லை மறக்காமல் எடுத்துவிடு. நீ ஐந்தாவது படிக்கும்போது வேளாங்கண்ணியிலிருந்து திரும்பியதும் டார்ச்சையும் டிரான்சிஸ்டரையும் நான் அப்படியே வேனில் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் விட்டுவிட்டேன். தையில் திறந்து பார்த்தால் செல் கசிந்து, உள்ளே முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. எலி செய்ததாக நைனாவிடம் சொன்னேன். அவர் நம்பினாற்போல இருந்துவிட்டார். எந்த எலி செல்லைக் கசிய வைக்கும்?

சரி, இனிமேல் எழுதுவது என்னுடையது. உன் கல்யாண விருந்தில் சிநேகிதர்கள் உன் கையில் மைக்கைத் திணித்துப் பேசச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? "எங்க நைனாவுக்கு மூத்த புள்ள இந்த செட்டு, நான் ரெண்டாவதுதான்" என்றாய். பந்தல் முழுக்கச் சிரித்தது. நைனாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நீ விளையாட்டுக்குச் சொன்னாலும் உள்ளே கொஞ்சம் நிஜம் இருந்தது எனக்குத் தெரியும். ஆறு வயதில், பாண்டிச்சேரி தாண்டி வேன் நின்றபோது, மாதா பாட்டு நானும் பாடுவேன் என்று மைக்கைத் தொடப் போய் அவரிடம் கையில் அடி வாங்கினாய். வண்டியில் இருந்த அத்தனை குடும்பங்களுக்கும் முன்னால். அழுகையை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். அந்த அடி தப்புதான். அன்றைக்கே அவரிடம் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவருக்கு எது மூத்தது, எது இளையது என்று நீ போடுகிற கணக்கு தப்பு. அதைத் திருத்தாமல் நான் போய்ச் சேர்ந்துவிட்டால் என் நெஞ்சு வேகாது.

நீ பிறந்தது ஐப்பசி. எட்டாம் மாசமே பிறந்துவிட்டாய். தோலுரித்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாய், அழுதால் பூனைக்குட்டி சத்தம்தான் வரும். மருத்துவமனையில் கொஞ்ச நாள் வைத்திருந்து, பால் குடிக்கிறான், இனி வீட்டுக்குக் கொண்டு போகலாம், உடம்பை மட்டும் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி அடைமழை என்று சும்மாவா சொன்னார்கள். ராயபுரத்தில் நம் சந்து முழுக்க முழங்கால் தண்ணீர். கடல் காற்று ஓட்டு இடுக்கில் எல்லாம் புகுந்தது. துணி காயவில்லை, சுவர் வியர்த்தது, அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. உனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வருகிற செசிலி அக்கா, அந்தத் தண்ணீரில் நடந்து வந்து உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். "புள்ள கால் ஐஸு மாறி கீது. பாலும் இயுக்க மாட்டேங்குது பாரு. எத்தையாவது பண்ணி சூடேத்து, இல்லாங்காட்டி நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள்.

அந்த ஒற்றை அறையில் ஒழுகாத மூலை ஒன்றே ஒன்று. அந்த மூலையில்தான் பல்பு அலமாரி நின்றது. நைனா துறைமுகத்துப் பட்டறையில் கழித்துப் போட்ட பலகைகளைக் கேட்டு வாங்கி அவரே செய்தது. அடியில் ஒரு பல்பு, அதற்கு மேல் ஓட்டை போட்ட தகரம், அதற்கு மேல் இடைவெளி விட்டு அடித்த பலகை. பகலும் இரவும் பல்பு எரியும், உள்ளே ஆம்ப்ளிஃபயர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தச் செட்டை வைத்துத்தான் வேன் ஓடியது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குச் செட்டு போட இரண்டு மூன்று கோவில்களில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். நான் யோசிக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை இழுத்து வெளியே தரையில் வைத்தேன். பலகை மேல் என் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போட்டு, உன்னைப் பஞ்சில் சுற்றி உள்ளே படுக்க வைத்தேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, ஜெபமாலையைக் கையில் பிடித்தபடி, அவர் வேலை முடிந்து வருவதற்காகக் காத்திருந்தேன். செட்டு ஈரத் தரையில் இருந்தது. வருகிற சண்டைக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொட்டச் சொட்ட வந்து நின்றார். தரையில் செட்டு, அலமாரியில் நீ. "இன்னாமே பண்ணிக்கினு கீற?" என்றார். "புள்ள சில்லுனு ஆயிட்சிய்யா" என்றேன். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மணிக்கட்டை அலமாரிக்குள் நீட்டி, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கை வைத்துச் சூடு பார்ப்பாரே, அதே மாதிரி. "சூடு ஜாஸ்தி. செட்டுக்கு ஓகே, புள்ளைக்கு ஆவாது, கருகிப்பூடும்" என்று சொல்லிவிட்டு, பல்பைக் கழற்றி அதைவிடச் சின்னதாக ஒன்று போட்டார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து மூலையில் வைத்தார், காற்று வறண்டு போகாமல் இருக்குமாம். மறுபடியும் மணிக்கட்டை நீட்டிப் பார்த்தார். பிறகு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கித் தோளில் வைத்து, தன் மழைக்கோட்டை அதன் மேல் போட்டுக்கொண்டு, கோட்டில்லாமல் மழையில் நடந்து போய் வேனில் வைத்துவிட்டு வந்தார். வேன் கூரை ஒழுகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சந்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்த மழை விடுகிறவரை நீ அந்த அலமாரியில்தான் இருந்தாய். பால் கொடுக்க மட்டும் எடுப்பேன். அந்த மழையில் கரண்டு நினைத்தபோதெல்லாம் போகும். போனதும் நைனா சட்டைப் பொத்தானை அவிழ்த்து, உன்னை வெறும் மார்பில் ஒட்ட வைத்து, மேலே சட்டையையும் கம்பளியையும் மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்துவிடுவார். கரண்டு வந்தாலும் உடனே தரமாட்டார். "இன்னும் கொஞ்சம் இர்க்கட்டும், தூங்கறான்" என்பார். ஒரு நாள் நீ என் மார்பில் வாயை வைத்துச் சத்தம் கேட்கிற மாதிரி இழுத்துக் குடித்தாய். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து, என்னவோ ஆகிவிட்டது என்று அவர் பயந்து எழுந்து ஓடிவந்தார். அதுதான் தம்பி, நீ பிழைத்த கதை. நீ கட்டிலை எடுத்துவிட்டு நிறுத்தப் பார்க்கிறாயே, அதே அலமாரிதான்.

மழை விட்டதும் வேனைத் திறந்தால் செட்டு ஊறிப்போயிருந்தது. அவர் வெயிலில் வைத்தார், விசிறினார், துடைத்தார். அன்றைக்குச் செசிலி அக்கா உன்னைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். "குயந்த தலையில கீற ஈரத்தயே இது இயுத்துடுது, உன் பொட்டிய இயுக்காதா? அதுக்கும் ரெண்டு காட்டு காட்டும்மா" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் இல்லாத நேரத்தில் ஆம்ப்ளிஃபயரின் பின்மூடியைக் கழற்றி, தூபக்காலை உள்ளே பிடித்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, குழந்தை பெற்றவளுக்குக் காட்டுவதுபோல் அடி முதல் நுனி வரை நன்றாகப் புகை காட்டிவிட்டேன். மூடியையும் திருகி வைத்துவிட்டேன். புகையோடு போன பிசின் உள்ளே எல்லாவற்றிலும் படிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு கோவில் முற்றத்தில் செட்டைப் போட்டார். சளி பிடித்தவன் மூக்கால் பாடுகிற மாதிரி சத்தம் வந்தது. வால்வு சூடேறச் சூடேறச் சாம்பிராணி வாசம் குப்பென்று கிளம்பி முற்றம் முழுக்கப் பரவியது. உள்ளே இருந்து சாமியார் எட்டிப் பார்த்து, "பூசைக்கு முன்னாடியே தூபம் போட்டது யாரு?" என்று கேட்டார். பத்து நிமிஷத்தில் செட்டு வாயை மூடிக்கொண்டது. அந்த வருஷம் ஒரு கோவிலுக்கும் அவர் போகவில்லை. வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு செட்டு சேர்க்க அவருக்கு மூன்று வருஷம் பிடித்தது. அதுதான் இப்போது உன்னிடம் இருப்பது. அதை நீ தொட்டதற்குக் கையில் அடித்தாரே, ஏன் என்று இப்போது உனக்குப் புரியுமா தெரியவில்லை. புரிய வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. நடந்தது தெரிந்தால் போதும்.

இப்போது பிலோமினா விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் காட்டுப்பள்ளிக்குப் போக முகத்துவாரத்தில் படகு ஏற வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் அங்கிருந்து திரும்பி வருவது படகுக்காரன் கையிலும் இல்லை. ஏழு முடிகிறது அவளுக்கு. என்னைப்போல் எட்டிலேயே வலி எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் டாக்டரும் கிடையாது, இந்தப் பக்கம் வர வழியும் கிடையாது. வலியோடு படகில் உட்கார்ந்து அவள் இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவள் அம்மாவை எண்ணூருக்கு வரச் சொல். பெண்ணுக்காக எந்தத் தாய் வரமாட்டாள்? நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆம்பிளைப் புத்தி, ஒரு சாமானுக்கு இடம் தேடும்போது பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்காது. ஆனால் அவள் உன் கடிதத்தை அஞ்சலில் சேர்க்கும் முன் படித்திருப்பாள். நான் என் புருஷன் கடிதத்தைப் படிக்காமல் விட்டதில்லை, அவளும் விட்டிருக்கமாட்டாள். செட்டுக்காகத் தன் கட்டிலை எடுக்கப் பார்க்கிறான் என்று ஒரு பெண் நினைத்துவிட்டால், அப்புறம் நீ பொன்னால் கட்டில் செய்து போட்டாலும் அது அவளுக்கு உறுத்தும். இன்றைக்கே அவளிடம் பேசு. செட்டை இங்கே அனுப்பு என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் அலமாரி நின்ற மூலையிலேயே இந்த வருஷம் ஓடு உடைந்து ஒழுகுகிறது. இங்கும் இடமில்லை.

இதுவரை எழுதிவிட்டு, இனி மறைப்பது சரியில்லை என்று உன் கடைசி வரிகளை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் அலமாரி நின்ற மூலையையே பார்த்தார். பேட்டரியைப் பற்றிச் சொல்ல இன்னும் ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தேன். உன் கல்யாண விருந்துப் பேச்சை அவர் மறந்துவிட்டார் என்றும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. "மூத்த புள்ளைன்னு சொன்னான் இல்ல, அந்த அலமாரிக் கதைய அன்னிக்கே அவன் கைல சொல்லியிருக்கணும்மே" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்ன எல்லாத்தையும் அடிச்சிடு. செட்டு வண்டிலயே இர்க்கட்டும். நனையட்டும்னு எழுது" என்றார்.

நான் எழுதாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் ஈரத்தோடு சண்டை போட்ட மனிதர். "இன்னாய்யா எழுதறது?" என்று கேட்டேன்.

"காது கேக்கலயா? நனையட்டும்னேன்."

எழுதிவிட்டேன், தம்பி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறி வருகிறோம். பிலோமினாவின் கட்டில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

உன் அம்மா